நூற்றெண்பது கிரெயின்

துப்பாக்கியைத் தோளில் வைத்ததும் அவருக்கு முதலில் தோன்றியது, இதற்கு உறை சும்மா தருவார்களா என்பதுதான்.

கனடாவில், கால்கரி நகர ஓரத்துத் துப்பாக்கிக் கடை. கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் கடைக்காரப் பெண். இந்தப் பக்கம் அவர். பக்கத்தில் சம்பந்தி ரஸ்ஸல், வலது தோளில் கட்டோடு.

"எல்க் மான் பெரிய உடம்பு, சம்பண்டி. சின்னத் தோட்டா எல்லாம் அதுக்குக் கொசுக்கடி."

சம்பந்தி என்ற சொல் ரஸ்ஸல் வாயில் அப்படித்தான் வரும். ஏதோ பலகாரத்தைக் கேட்பது போலிருக்கும்.

வருடா வருடம் ரஸ்ஸல் வீட்டு ஃப்ரீசரை நிரப்புவது அந்த ஒரு மான். இந்த வருடம் தோளில் ஆபரேஷன். அதனால் சம்பந்தியான இவர் சுட வேண்டும்.

இவர் இதுவரை சுட்டது அப்பளம் மட்டும்.

கறிக்கடையில்கூட, வெட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு விலைப்பலகையைப் படிக்கிறவர். பொட்டலம் கட்டியதும் திரும்பிவிடுவார். அதில் ஒருநாளும் தாமதித்ததில்லை.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம்.

ஆனால் மகள் கல்யாணத்தில் ரஸ்ஸலுக்கு வேட்டி கட்டிவிட்டார்கள். ஏன் எதற்கு என்று மனிதர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பந்தியில் அது அவிழ்ந்தது. ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் பாயசத்தைத் தொடர்ந்தார். இவர்தான் ஓடிப்போய் முன்னால் நின்று மறைத்தார்.

அதைப் பற்றி இருவரும் பிறகு பேசியதே இல்லை.

அப்படிப்பட்டவரிடம் எந்த வாயால் மாட்டேன் என்பது.

லைசன்ஸுக்குப் பரீட்சை உண்டு என்றார்கள். அங்கேயாவது தப்பித்திருக்கலாம். பரீட்சை என்று காதில் விழுந்ததும் உடம்பு தானாகப் படிக்க உட்கார்ந்துவிட்டது. தொண்ணூற்றெட்டு மார்க். மீதி இரண்டு எங்கே போனது என்று இன்னும் வருத்தம்.

கடைக்காரப் பெண் தோட்டாக்களை வரிசையாக நிறுத்தினாள்.

"இது நூத்தம்பது கிரெயின். இது நூத்தியெண்பது."

கிரெயின் என்றால் தானியம் அல்லவா. கொல்லுகிற பொருளைத் தானியத்தால் எடை போடுகிறார்கள். கேட்கவில்லை. தலையை ஆட்டினார். அது ஆமாவா இல்லையா என்று தெரியாமல் அவள் காத்திருந்தாள்.

ரஸ்ஸல் தொப்பிகளைப் பார்க்க நகர்ந்தார்.

இவர் குரலைத் தாழ்த்தினார்.

"புதுசா சுடறவங்க எதுல அதிகமாத் தவற விடுவாங்க?"

"மேக்னம். இருக்கறதுலயே வேகமான தோட்டா. அது தோள்ல உதைக்கிற உதைக்குப் பயந்து கண்ணை மூடிடுவாங்க. குண்டு எங்கயோ போயிடும்."

"அதையே குடுங்க."

ரஸ்ஸல் திரும்பி வந்து பெட்டியைப் பார்த்தார். நல்ல கையால் இவர் முதுகில் ஓங்கித் தட்டினார். ரஸ்ஸலின் கண் லேசாகக் கலங்கியிருந்தது.

"துணிச்சல்காரர் நீங்க, சம்பண்டி."

தோட்டா இரண்டு பெட்டி வாங்கினார்கள். ஒன்று அவருக்கு. இன்னொன்று ரஸ்ஸலின் கோட்டுப் பைக்குள் போனது. மலையில் எதுவும் தொலையுமாம்.

பயிற்சி மைதானத்தில் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு மூன்று முறை சுட்டார்.

மூன்றும் நடுவட்டம்.

கை அதையும் பரீட்சை என்று நினைத்துவிட்டது.

அன்று மாலை சமையலறை வாசலில் வந்து நின்றார். உள்ளே மனைவி கோமதி.

வீட்டில் இதுவரை புல்லட் என்றுதான் பேச்சு. 'அந்தப் புல்லட் கருமத்தை சாமி படத்துக்கிட்ட வைக்காதீங்க' என்பாள்.

"கோமு. நாளைக்கு மலைக்குக் கொண்டுபோற டப்பாவுல ரவை வச்சிரு."

சுத்தமான தமிழ்தான். பேப்பரில்கூடப் போடுவார்கள், துப்பாக்கி ரவைகள் பறிமுதல் என்று.

"ரவையா. சம்பந்திக்கும் சேத்தா?"

வாசல் நிலையைக் கொஞ்சநேரம் விரலால் சுரண்டினார்.

"சேத்துதான்."

மறுநாள், மலை.

பைன் மரங்களுக்கு நடுவிலிருந்து அது வந்து நின்றது.

குதிரைக் கொம்பு என்று இத்தனை காலம் சும்மா சொல்லிக்கொண்டிருந்தார். இதோ, குதிரை அளவு. கொம்போடு. ஒரு காதை மட்டும் உதறியது. வாயில் புல் தொங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் காலையில் வெளியே வந்து பார்ப்பது போல அவரைப் பார்த்தது.

"இப்போ," என்றார் ரஸ்ஸல், மூச்சுக்குள்.

இவர் டப்பாவைத் திறந்தார்.

ரவா லட்டு.

ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு முந்திரி. மலை முழுக்க நெய் மணத்தது.

ரஸ்ஸல் டப்பாவைப் பார்த்தார். மானைப் பார்த்தார். மறுபடியும் டப்பாவை.

"எங்க மொழியில ரெண்டுக்கும் ஒரே வார்த்தை. வீட்ல தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க."

குரல் நடுங்கியது. நல்லவேளை, குளிர்.

ரஸ்ஸலின் இடது கை கோட்டுப் பைக்குள் போனது. உள்ளே பித்தளைத் தோட்டாக்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம்.

கை அங்கேயே நின்றது.

ரஸ்ஸல் அவர் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

பிறகு கையை வெளியே எடுத்தார். வெறுங்கை. பையின் பொத்தானைப் போட்டார். ஒரு லட்டை எடுத்து, உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

"இது எத்தனை கிரெயின், சம்பண்டி?"