பொய் சொல்ல அனுமதி

மருத்துவமனையில் நோயாளியிடம் பொய் சொல்ல வேண்டுமென்றால் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு அறவியல் மையத்தில் முன்அனுமதி வாங்க வேண்டும். மங்கையர்க்கரசி வாங்கப் போனாள். அவளுடைய மாமனார் சிங்காரவேலுவுக்கு இன்னும் ஒரு வாரம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டொரன்டோவில் இருக்கும் மூத்த மகன் வருகிறானா என்று மனிதர் மணிக்கொரு தரம் கேட்டுக்கொண்டிருந்தார். அவனோ வர முடியாது என்று சொல்லிவிட்டான்.

“வர்றாருன்னு ஒரு வார்த்தை சொல்லணும் சார். அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா? அம்மா, இது பல்துறை விவகாரம்!” என்றார் இயக்குநர் பேராசிரியர் ஞானமூர்த்தி.

தத்துவம், சட்டம், மருத்துவம், கணினி என்று நான்கு துறைகளும் மூன்று நாள் விவாதித்தன. தத்துவத்துறை இரண்டாக உடைந்து, டீ குடிக்கும்போதுகூட முகம் பார்த்துக்கொள்ளவில்லை. ஒருவழியாக அனுமதி கிடைத்தது. ஒரே ஒரு நிபந்தனை: பொய்யைக் கேட்கப்போகிறவர் எழுத்துப்பூர்வமாகச் சம்மதிக்க வேண்டும்.

ஞானமூர்த்தியே மாணவர்கள் புடைசூழ வார்டுக்கு வந்து, படிவத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தார். “என் மகன் வரப்போவதில்லை என்று அறிந்தே, அவன் வருவதாக என்னிடம் பொய் சொல்ல முழுமனதோடு சம்மதிக்கிறேன்.”

மங்கையர்க்கரசி நிமிரவே இல்லை. சிங்காரவேலு படிவத்தை வாங்கித் தானே ஒருமுறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

“பாத்தீங்களா, இதுதான் வெளிப்படைத்தன்மை!” என்று மாணவர்களிடம் பூரித்தார் பேராசிரியர்.

“நீங்கள்லாம் கொஞ்சம் வெளிய இருங்க சார்” என்றார் சிங்காரவேலு. கதவு சாத்தியதும் மருமகளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“இப்ப சொல்லும்மா. எந்த ஃபிளைட்ல வர்றான்?”