சமக்குறிக்கு அந்தப் பக்கம்

“சமக்குறியத் தாண்டிப் போனாலும் கூட்டல் கூட்டலாத்தான் இருக்கும், அண்ணே. மாறவே மாறாது.” முகத்தில் ஒரு சுளிப்பு இல்லாமல் சொன்னான் அலெக்சாண்டர்.

சதாசிவம் அதைச் சிவப்புப் பென்சிலால் எழுதிக்கொண்டார். எந்த ஆபீசில் எடுத்த பென்சிலோ, கறுப்புப் பென்சில் ஒன்று வாங்க மனசில்லாத ஆள் என்று நினைத்துக்கொண்டான் அலெக்சாண்டர்.

ஈப்போவில் ஒரு சர்க்கார் ஆபீசில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை, காலி. ஒரே ஒரு இடம். அது கிடைக்காவிட்டால் அலெக்சாண்டர் ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பி, அப்பாவோடு பாலுக்கு மரம் சீவப் போக வேண்டியதுதான்.

இந்த நேரம் பார்த்துத்தான் தைப்பிங்கிலிருந்து பக்கத்து அறைக்குக் குடிவந்த சதாசிவம், ஒரு டின் பிஸ்கட்டோடு கதவைத் தட்டினார். “கிராணிப் பரீட்ச வருதுல்ல தம்பி. எனக்கு அல்ஜீப்ரா சுத்தமா வராது. குறுக்குவழி இருந்தா சொல்லிக்குடுங்களேன்.”

அலெக்சாண்டர் பிஸ்கட்டை வாங்கிக்கொண்டான். பாடத்தைத்தான் தலைகீழாகக் கொடுத்தான்.

“எக்ஸோட ஏழக் கூட்டினா பத்தொம்பது. எக்ஸ் என்ன, சொல்லுங்க.”

“பத்தொம்பதும் ஏழும்… இருபத்தாறு.”

“அவ்வளவுதான் லா.”

சதாசிவம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆனா இருபத்தாறோட ஏழக் கூட்டினா முப்பத்துமூணுல்ல வருது?”

“அது சாதாரணக் கணக்கு, அண்ணே. இது அல்ஜீப்ரா.”

சதாசிவத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. “நல்லா மனப்பாடம் பண்ணிக்கிறேன். இதுல தப்பு நடந்தா ஒருத்தன் பொழப்பே போயிரும்.”

“ஆமாண்ணே,” என்று அலெக்சாண்டர் இன்னொரு பிஸ்கட்டை எடுத்தான்.

பரீட்சையன்று கூடம் முழுக்கக் கண்ணை ஓட்டினான். எந்த பெஞ்சிலும் சதாசிவம் இல்லை. பயந்து நின்றுவிட்டார் போலிருக்கிறது, பாவம்.

கேள்வித்தாளில் முக்கால்வாசி அல்ஜீப்ரா. அலெக்சாண்டர் ஒவ்வொரு குறியையும் சமக்குறி தாண்டும்போது ஒழுங்காக மாற்றினான். ஒவ்வொரு விடையையும் திருப்பிப் போட்டுச் சரிபார்த்தான். ஒன்றுகூடப் பிசகவில்லை.

மணி அடித்தது. பக்கக் கதவு வழியாக சதாசிவம் கோட்டுப் போட்டுக்கொண்டு உள்ளே வந்து, விடைத்தாள்களை வாங்கி அடுக்க ஆரம்பித்தார். கோட்டுப் பையில் அதே சிவப்புப் பென்சில்.

அலெக்சாண்டர் தன் தாளை நீட்டினான். “அண்ணே, நீங்க பரீட்ச எழுதலியா?”

“நான் ஏன் லா எழுதணும்? இந்த ஆபீசுக்குப் பெரிய கிராணியா மாத்தலாகித்தானே வந்தேன்.” அவன் தாளை வாங்கி மேலாக வைத்துக்கொண்டு, சதாசிவம் குனிந்து அன்பாகச் சொன்னார்.

“தாளத் திருத்தத் தொரைக்கு நேரமில்லியாம். பயப்படாதீங்க தம்பி, நீங்க சொல்லிக்குடுத்தபடியே திருத்திர்றேன்.”