கேம்ரியின் பின் சீட்

“நீங்களே சொல்லுங்க மச்சான். இந்த மூணுல எது நல்ல வண்டி?”

அஸ்வர் கேட்டதும், மீமிசல் கல்யாண மண்டபத்து வேப்பமர நிழலில் நின்ற ஆண்கள் எல்லோரும் ஜைனுதீன் பக்கம் திரும்பினார்கள்.

நிக்காஹ் முடிந்து, பிரியாணியும் முடிந்து, பேச வேறு விஷயம் இல்லாத நேரம்.

வாசலில் மூன்று கார்கள். முதலாவது அஸ்வர் சென்னையிலிருந்து ஓட்டிவந்த பென்ஸ். வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அடுத்தது மாப்பிள்ளையின் மாமாவுடைய பிஎம்டபிள்யூ. கடைசியில், வெள்ளையில் நீளமாக ஒரு டொயோட்டா கேம்ரி. அது யார் வண்டி என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

ஜைனுதீன் அன்று காலைதான் திருச்சியில் விமானம் இறங்கினார். புதுக்கோட்டை, அறந்தாங்கி என்று பஸ் மாறி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே மைத்துனர் அஸ்வரின் மகள் கல்யாணத்துக்கு வந்துவிட்டார். பெட்டி இன்னும் மண்டபத்து மேனேஜர் அறையில் கிடந்தது.

இனி குவைத்துக்குப் போவதில்லை. இருபத்திரண்டு வருடம் அங்கே ஒரு பெரிய வீட்டில் டிரைவர். அந்த வீட்டில் நிற்காத கார் கிடையாது.

அதனால்தான் அஸ்வர் அவரிடம் கேட்டார். என்ன பதில் வரும் என்று முடிவு செய்துகொண்டுதான் கேட்டார்.

ஜைனுதீன் அவசரப்படவில்லை. பென்ஸை ஒரு சுற்று வந்தார். குனிந்து டயரைப் பார்த்தார். பிஎம்டபிள்யூவின் கண்ணாடியில் கையைக் குவித்து வைத்து உள்ளே பார்த்தார். கேம்ரியின் அருகில் சும்மா நின்றார். உள்ளங்கையை அதன் கூரைமேல் வைத்தார், பழகிய மாட்டைத் தொடுவதுபோல.

“ரெண்டும் ராஜா வண்டிங்க. குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா எனக்கு எதுன்னு கேட்டா, இந்தா இங்கிட்டு நிக்கிற கேம்ரிதான்.”

குபீரென்று சிரிப்பு எழுந்தது. பஸ் ஸ்டாண்டில் வாடகைக்கு நிற்கும் வண்டிகளும் அதே கம்பெனிதானே என்றார் ஒருவர்.

அஸ்வர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“முன்னாடி ஒக்காந்து ஓட்டுன ஒங்களுக்கு, பின் சீட்டு சொகம் என்ன மச்சான் தெரியும்?”

சிரிப்பு நின்றது. சிலர் தரையைப் பார்த்தார்கள்.

ஜைனுதீனுக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்ன பதிலில் கோபம் இல்லை.

“கண்ணாடி இருக்குல்ல மச்சான். இருபத்திரண்டு வருசமா அதுலதான் பின் சீட்டப் பாத்தேன். பெரிய வண்டியில ஏறுனா மொதலாளி நிமிந்து ஒக்காருவாரு, நாலு பேரு பாக்குறாங்கன்னு. இதுல ஏறுனா செருப்பக் கழட்டிட்டு, பத்தாவது நிமிசம் தூங்கிடுவாரு. மனுசன் எதுல தூங்குறானோ, அதான் அவனுக்கு வண்டி.”

பிஎம்டபிள்யூ கொண்டுவந்த மாமா மெல்லத் தலையாட்டினார்.

அப்போதுதான் பெண்கள் பக்கத்து வாசல் வழியாக ஷமீமா வந்தாள். ஜைனுதீனின் மனைவி, அஸ்வரின் தங்கை. கல்யாண வேலைக்கென்று முந்தின நாளே மீமிசலுக்கு வந்திருந்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு வந்த கணவரைக் காலையிலிருந்து தூரத்தில் ஒருதரம் பார்த்ததோடு சரி.

“வீட்டுக்குப் போவோமாங்க?”

பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்க ஜைனுதீன் வாயைத் திறந்தார்.

அவள் கையிலிருந்த எதையோ அழுத்தினாள். கேம்ரியின் விளக்குகள் கண் சிமிட்டின.

ஜைனுதீன் வண்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி வண்டியைப் பார்த்தார்.

வீட்டில் இரண்டு மிஷின் போட்டு புர்கா தைக்கிறாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். இரண்டு பதினாறு ஆனதை அவள் போனில் சொல்லவில்லை. லைசென்ஸ் எடுத்ததைச் சொல்லியிருந்தாள். ஸ்கூட்டருக்கு என்று இவரே நினைத்துக்கொண்டார்.

“செகண்ட் ஹேண்டுதாங்க. திருச்சி டாக்டர் ஒருத்தர் வச்சிருந்தது. போன்ல எத்தன வண்டியப் பத்திப் பேசுனாலும், கடைசியில நீங்க இதுலதான வந்து நிப்பீங்க.”

ஜைனுதீன் பழக்கதோஷத்தில் சாவிக்குக் கையை நீட்டினார்.

ஷமீமா தரவில்லை.

“நான் ஓட்டுறேன். நீங்க பின்னாடி ஏறுங்க.”

அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஜைனுதீன் பின் கதவைத் திறந்து ஏறினார். சாய்ந்தார். கால்களை நீட்டினார், முன் சீட்டு முட்டவில்லை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதலில் மடியில் வைத்தார். பிறகு நடுவிலிருந்த கைத்திண்டைக் கீழே இழுத்து, அதன்மேல் ஒரு முழங்கையை ஊன்றினார். சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

ஷமீமா மேனேஜர் அறையிலிருந்து வந்த பெட்டியை டிக்கியில் ஏற்றிவிட்டு முன்னால் ஏறி, துப்பட்டாவைச் சரிசெய்து, சீட் பெல்ட்டை மாட்டினாள். வண்டி கிளம்பத் தயாரான சத்தமே கேட்கவில்லை.

பின் கதவு இன்னும் திறந்தே இருந்தது. இத்தனை வருடமும் அதைச் சாத்துவது அவர் வேலை. உள்ளேயிருந்து அதைச் சாத்தவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அஸ்வர் நிழலை விட்டு வெயிலில் இறங்கி வந்தார். குனிந்து, மச்சானின் வெள்ளைக் கைலியின் நுனி வெளியே தொங்குவதைப் பார்த்து, அதை உள்ளே எடுத்துவிட்டார்.

பிறகு கதவை, அதிராமல், மெல்லச் சாத்தினார்.