அழித்த பிறகும்

வந்தவர் யாரென்று பியாட்ரிஸுக்குச் சுத்தமாக நினைவில்லை. கணவன் ஜாய்சன் வழி உறவாகத்தான் இருக்க வேண்டும். கேட்டால் தப்பாக நினைப்பாரே என்று காபி கொடுத்துச் சமாளித்தாள்.

"பாப்பா நிக்கோலுக்கு இன்னும் பலூன்னா பயமா அக்கா? முதல் பர்த்டேல என்ன அழுகை!"

"அதெல்லாம் போயிடுச்சுங்க. இப்ப அஞ்சாவது படிக்கிறா."

"உங்க கல்யாணத்தன்னைக்குச் செம மழை. சர்ச் வாசல்ல உங்க கவுனைத் தூக்கிப் பிடிக்கவே நாலு பேர்!"

அவள் சிரித்துவிட்டாள். இத்தனை நெருங்கியவரை மறந்துபோனோமே என்று கூச்சமாக இருந்தது.

"ஆபரேஷனுக்குப் போறப்ப அம்மா கையாட்டினாங்களே, திரும்பி வந்தாங்களா?"

பியாட்ரிஸின் சிரிப்பு நின்றது. அம்மா அன்றைக்கே போய்விட்டாள். அந்த ஆஸ்பத்திரி அறையில் அம்மாவையும் அவளையும் தவிர யாருமே இல்லை. அவள்தான் போனில் வீடியோ எடுத்தாள்.

"நீங்க... யாரு?"

"உங்க வீட்டுக்காரர் பழைய ஹார்ட் டிஸ்க் ஒண்ணு வித்தாரே, வாங்கினது நான்தான்."

"ஃபார்மட் பண்ணித்தானே கொடுத்தாரு!"

"குயிக் ஃபார்மட்தான் பண்ணியிருந்தார். அதுல எதுவும் நிஜமா அழியாதுக்கா. ஒரு சாஃப்ட்வேர் போட்டேன், எல்லாம் திரும்பி வந்துடுச்சு. ஆதார் காப்பில விலாசமும் இருந்துச்சு." அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்குன்னு யாருமில்லை. தினமும் சாப்பிடும்போது உங்களைத்தான் பாக்குறேன். அம்மா கையாட்டுறதோட முடிஞ்சுபோச்சு. அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியாம தூக்கமே வரலை."

வெளியே ஸ்கூல் வேன் ஹாரன் அடித்தது.

"நிக்கோல் வந்துட்டா!" என்று அவளுக்கு முன்னால் அவர் வாசலுக்கு ஓடினார்.