மூன்றாவது தட்டலுக்கு முன்

“மோனிஷாகிட்ட இருந்து மூணு ரத்தம்” என்று சொல்லி, என் ரத்தக்காட்டேரிச் சீட்டைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தேன்.

அவளிடம் மிச்சம் இருந்ததே மூன்று ஏலக்காய்தான். சீட்டுப் பெட்டியோடு வந்த சிவப்பு வில்லைகள் தொலைந்ததிலிருந்து எங்களுக்கு ஏலக்காய்தான் ரத்தம். சாந்தன்பாறையில் அதற்கு என்ன பஞ்சம்.

மூன்றும் போனால் அவள் ஆட்டத்தை விட்டு வெளியே. இன்றைக்கு ஆட்டத்தை விட்டு முதலில் வெளியே போகிறவர் இந்த ஹோம்ஸ்டேயை விட்டும் போக வேண்டும்.

காலையில் முதலாளி செபாஸ்டின் சார் கோட்டயத்திலிருந்து போன் செய்திருந்தார். மழைக்காலம், புக்கிங் இல்லை, நாலு பேரில் மூணு பேர் போதும் என்றார். யார் பெயரைச் சொன்னாலும் பொல்லாப்பு, சீட்டே முடிவு செய்யட்டும் என்று மேனேஜர் என்கிற முறையில் நான்தான் சொன்னேன். மூவரும் தலையாட்டினார்கள். சமையல் பார்க்கிற பவுல்ராஜ் அண்ணன், அதுதான் நியாயம் என்றுகூடச் சொன்னார்.

தங்க வந்த யாரோ ஒரு ஜெர்மன்காரர் விட்டுப்போன சீட்டுப் பெட்டி அது. ஒரு வருஷமாக, மழை பெய்தால் எங்களுக்கு இதுதான் வேலை. இங்கிலீஷ் விதிப்புத்தகத்தைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். யார் எப்போது கை நீட்டித் தடுத்தாலும் சரி என்று இதுவரை விட்டுவிடுவேன். இன்றைக்குப் பிழைப்பு சம்பந்தப்பட்டது, அதனால் புத்தகத்தில் உள்ளபடிதான் என்றேன்.

யாரைத் தாக்குவதாக ஒருவர் சொன்னாலும், அவருக்கு இடப்பக்கம் இருப்பவர் முதலில் தடுக்கலாம். பிறகு வலப்பக்கம். பிறகு எதிரே. வரிசை தாண்டினால் தாண்டியதுதான். மேசையில் மூன்று தட்டுத் தட்டுவதற்குள் வாய் திறக்காவிட்டால் தடுக்கவில்லை என்று அர்த்தம்.

மூன்று தட்டு மட்டும் புத்தகத்தில் இல்லை. அது நான் சேர்த்தது.

இடப்பக்கம் மோனிஷா. அறைகளைப் பெருக்கித் துடைக்கிறவள். அவளுடைய சீட்டுகள் எல்லாம் போன சுற்றிலேயே திரும்பிக் கிடந்தன, திரும்பிக் கிடக்கிற சீட்டால் தடுக்க முடியாது. மூன்று தட்டினேன். அவள் சீட்டைப் பார்க்கவில்லை. அருண்பாண்டியைப் பார்த்தாள்.

வலப்பக்கம் அருண்பாண்டி, எங்கள் ஜீப் டிரைவர். போன வருஷம் தையில், வீங்கிய கன்னத்தோடு, செருப்புகூட இல்லாமல் பூப்பாறையில் போடி பஸ்ஸை விட்டு இறங்கியவளை ஏற்றிக்கொண்டு வந்தவன் அவன்தான். பின்னால் இருக்கிற அந்தச் சின்ன அறையை விட்டால் அவளுக்கு மறுபடி அந்தப் புருஷன் வீடுதான்.

அவனுடைய பெரிய சீட்டு நிமிர்ந்தே இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் தாக்குதல் அங்கேயே முடிந்துவிடும்.

அதற்காகத்தான் பவுல்ராஜ் அண்ணனை எதிரே உட்கார வைத்திருந்தேன்.

நானும் அருண்பாண்டியும் ஒரே எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர்கள். ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கிற காலை மஸ்டரில் மூத்தவர் பேசுவதற்கு முன்னால் இளையவன் வாய் திறந்தால், அப்பன் எல்லார் முன்னாலும் அறைவார். நம்மைப் பார்த்துக் கேட்டாலும், பெரியவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். இந்த மேனேஜர் நாற்காலிக்கு வந்த பிறகு அந்தப் பழக்கத்தை நான் மெனக்கெட்டு விட்டேன். அவன் விடவில்லை.

ஒன்று தட்டினேன். அவன் கை சீட்டுக்குப் போனது. போனபடியே நின்று, பவுல்ராஜ் அண்ணனை நிமிர்ந்து பார்த்தான்.

இரண்டு. பவுல்ராஜ் அண்ணன், தன் முறை வர நேரம் இருக்கிறது என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மூன்று.

“நான் தடுக்குறேண்ணே” என்றான்.

“முறை போச்சுப்பா. புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு.”

பவுல்ராஜ் அண்ணனிடம் இருந்ததே ஒரு சீட்டு. அதுவும் திரும்பிக் கிடந்தது. உதட்டைப் பிதுக்கினார். நான் மூன்று ஏலக்காயையும் என் பக்கம் இழுத்துக்கொண்டேன். ஒன்றை வாயில் போட்டு மென்றேன்.

மோனிஷா அழுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து, நாங்கள் குடித்த டீ கிளாஸ்களைப் பொறுக்கிக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பையை எடுக்கப் போனாள்.

அருண்பாண்டி ஜீப் சாவியை எடுக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். இப்போதும் நான் சொல்லட்டும் என்று காத்திருக்கிறான். எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

நாலரை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வா என்றேன். தலையைக் குனிந்துகொண்டு போனான்.

ஜீப் வளைவைத் தாண்டும்வரை வராந்தாவில் நின்றேன். பிறகு செபாஸ்டின் சாருக்குப் போன் போட்டேன். மோனிஷா அவளாகவே ஊருக்குப் போய்விட்டாள் என்றேன்.

 என் விரல் தானாகவே கைப்பிடிச் சுவரில் தட்ட ஆரம்பித்தது. இரண்டு தட்டியிருப்பேன், அவர் குரல் வந்தது.

“அப்படியா. அப்ப நீ போக வேண்டாம் செல்லத்துரை. காலையில உன்கிட்டச் சொன்னதை மறந்துரு.”

அறைக்குப் போய், காலையிலேயே கட்டி வைத்திருந்த பையைத் திறந்து, சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கினேன்.