ஈட்டி துளைத்த இடம்

எப்போதோ போர் நடந்த பொட்டலில் ஒற்றை ஈச்சமரம் நின்றது. அதில் கூடு கட்ட வந்த தூக்கணாங்குருவிக்கு, அடியில் மண்ணுக்குள் பாதி புதைந்து கிடந்த துருப்பிடித்த ஈட்டிமுனை தினமும் அந்தப் போரைப் பற்றிச் சொல்லும். கேட்கக் கேட்கக் குருவிக்கு மனசு ஆறவில்லை. கேட்டதையே கூடாகப் பின்ன ஆரம்பித்தது.

பாதிக் கூடு, ஈட்டிமுனை சொன்ன ஒரு வீரனின் தலைக்கவசம் போலத் தொங்கியது.

"அண்ணே, சரியா வந்திருக்கா?"

"அச்சு அசல் அதேதான். ஆனா, அவன் கவசத்துல நெத்தி கிட்ட ஒரு ஓட்டை இருந்துச்சு. நான் போட்டது." ஈட்டிமுனையின் குரல் இறங்கிவிட்டது. "அது வேண்டாம் தம்பி. ஓட்டைக் கூட்டுக்கு எவ குடிவருவா?"

குருவிக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனாலும் அந்த ஓட்டையை வைத்துத்தான் பின்னியது.

கூடு பார்க்க வந்த பெண்குருவி நாரை இழுத்து இழுத்துப் பார்த்தது. பிறகு ஓட்டைக்குள் தலையை விட்டது.

"வாசல் நல்ல காத்தோட்டமா இருக்கே," என்று உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

மழை தொடங்கிய வாரம் ஈட்டிமுனை அண்ணாந்து பார்த்தது. தான் துளைத்த இடத்தில் மூன்று குஞ்சுகள் தலையை நீட்டி, இரை கேட்டுக் கத்திக்கொண்டிருந்தன.

"இன்னும் சத்தமாக் கத்துங்கடா," என்றது.