மைனாவின் கதையும் நாரையின் தீர்ப்பும்

ஆற்றங்கரை மருத மரத்தில் ஒரு மைனா கதை சொல்லும். முயல், அணில், ஆமை, எருமை என்று எல்லோரும் கூடிவிடுவார்கள். கதை எப்படி என்று தீர்ப்பு சொல்வது நாரை. கூட்டம் சேர்ந்த கதை எதையும் அது நல்ல கதை என்று சொன்னதில்லை.

ஒருநாள் மைனா, வெள்ளத்தில் குஞ்சைப் பறிகொடுத்த ஒரு தாய்ப் பறவையின் கதையைச் சொன்னது. எருமை வாய்விட்டு அழுதது. போன மழையில் தன் குஞ்சை ஆற்றுக்குக் கொடுத்த நாரையும் அழுதது. அதுவரை அது அழுததே இல்லை.

மறுநாள் எல்லோரும் தீர்ப்பு கேட்டார்கள்.

"மலிவான கதை. அழவைப்பதற்கென்றே சொன்னது," என்றது நாரை.

கூட்டம் கலைந்த பிறகு ஆமை மெதுவாகக் கேட்டது: "நீங்களும் அழுதீர்களே, நாரையக்கா?"

"எருமை அழுத அதே இடத்தில் அழுதேன். அதை எப்படி வெளியே சொல்வது?"

சாயங்காலம் நாரை தனியாக மைனாவிடம் வந்தது. "அந்தக் கதையை எனக்கு மட்டும் இன்னொரு தடவை சொல்கிறாயா?"

"இனி அதைச் சொல்ல மாட்டேன்," என்றது மைனா. "நீங்கள் அப்படிச் சொன்ன பிறகு எனக்கு வாய் வரவில்லை."



"போன மழைக்கு முன்னால் எனக்கு ஒரு குஞ்சு இருந்தது," என்று நாரை தொடங்கியது.

பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த எருமை கேட்க வந்து நின்றது. நாரை நிறுத்தவில்லை.